பொறு அண்ணனும் சம்பந்தியின் கார்பெட்டும்

அழுக்கோடு சமாதானம் பேசத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தீவின் பாயான் பாருவில், எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு புளோக் தள்ளிக் குடியிருக்கிறார்.

கார்பெட் சுத்தம் செய்வது அவர் தொழில். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. யார் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் கையை உயர்த்தி, "பொறு" என்பார். அதனால் பொறு அண்ணன். டத்தோ பட்டம் வாங்கியவராக இருந்தாலும் அதே "பொறு"தான். மரியாதை சேர்த்து நீட்டினால் அதற்குள் அழுக்கு உஷாராகிவிடுமாம்.

ஒரு வக்கீல் ஆபீஸ் கார்பெட்டுக்கு மருந்து தெளித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கட்சிக்காரர்கள் வரும் நேரம். வக்கீல் கத்தினார்.

"என்னய்யா, தேய்க்காம உக்காந்திருக்க?"

"பொறு. அழுக்கும் எண்ணெயும் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கு. மருந்து ஊறினாத்தான் கைய விடும். இப்பத் தேய்ச்சா இன்னும் உள்ளதான் போவும். நீ ஒரு கேஸுக்கு எத்தன வருஷம் தவண வாங்குற? நான் கேக்கறது ஒரு கோப்பி நேரந்தான்லா."

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கார்பெட்டை உள்ளங்கையால் ஓர் அறை அறைந்து, கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அழுக்கு இல்லையென்றால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சரிடம், "இதுல என்ன இருக்குன்னு என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, போட்ட கோப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பணி ஓய்வுபெற்ற டீச்சர், தான் வாங்கிய சான்றிதழ்களிலேயே அதுதான் பெரியது என்று இன்றும் சொல்கிறார்.

போன தைப்பூசத்துக்கு, தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் புளோக்கின் தண்ணீர்ப் பந்தல். வயதானவர்கள் உட்கார ஏதாவது விரிக்கவேண்டும். மகளின் மாமியாரிடம் பெரிய கார்பெட் ஒன்று இருந்தது. துருக்கிக்குப் போனபோது வாங்கியது. கோப்பிப் பொடி நிறம். "இந்தக் கலர் இங்க யார்கிட்டயும் கெடையாது" என்று அவர் சொல்லி நானே பதினோரு முறை கேட்டிருக்கிறேன்.

கார்பெட்டைக் கொடுக்கும்போது சொன்னார்: "போன மாதிரியே வரணும், சம்பந்தி."

என் மகள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் நான்கே மாதம். கார்பெட் எந்த முகத்தோடு திரும்புகிறதோ, அந்த முகத்தோடுதான் அவள் அங்கே நடமாட வேண்டும். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பந்தல் முடிந்து பார்த்தால் ரோஜா சர்பத், தயிர்ச்சோறு, தேங்காய்ச் சில்லு, ஊரின் பாதி மண். என் மனைவி வாளியும் சோப்புத்தூளுமாக வந்துவிட்டாள். நான் கூப்பிட்டுச் சொன்னதும் போனிலேயே பொறு அண்ணன் அலறினார்: "தண்ணி ஊத்தாதீங்க! மண்ணு சேறாப் போயி அடியில புடிச்சிக்கும். மொதல்ல காய்ஞ்ச மண்ணு வெளிய வரணும்."

மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தில் கென்வாஸ் துணி விரித்து, கார்பெட்டைக் குப்புறப் போட்டார். ரோத்தான் பிரம்பால் அதன் முதுகில் அடித்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. மிதிக்கணும். சும்மா நடக்கக்கூடாது, காவடி ஆடற மாதிரி ஆடணும்."

நான், என் மனைவி, ரோஸ்லின் டீச்சர். மூன்று பேருக்கும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு வயது. ஆடினோம். டீச்சர் வெட்கப்பட்டு மெதுவாகத்தான் தொடங்கினார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் ஒரு கார் வந்து நின்றது. சம்பந்தி அம்மாள்.

"சம்பந்தி," என்றார், மிக மெதுவாக. "என் கார்பெட்டு மேலயா ஆடறீங்க?"

எனக்கு ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

"பொறு," என்றார் பொறு அண்ணன். "அக்கா, அந்த ஓரத்துல ஆளு பத்தல. ஏறுங்க."

சம்பந்தி அம்மாளிடம் வாழ்க்கையில் யாரும் பொறு என்று சொன்னதில்லை போலிருக்கிறது. திகைப்பில் ஏறிவிட்டார்.

கார்பெட்டைத் தூக்கியபோது அடியில் ஒரு குன்று. பொறு அண்ணன் குந்தி உட்கார்ந்து கிளறினார். "இதுல கொஞ்சந்தான் தைப்பூசம். மிச்சமெல்லாம் பழசு, வெள்ளம் வந்தப்ப சேந்த மண்ணு, கடக்கர மண்ணு. இது என்ன, பூன முடியா?"

"மீனுவோடது," என்றார் சம்பந்தி அம்மாள். "அது செத்து ஆறு வருஷமாச்சு."

பிறகு பொறு அண்ணன் கார்பெட்டைத் திருப்பிப் போட்டு மருந்து தெளித்தார். ஒரு கோப்பி நேரம் அவரும் பொறுத்தார், நாங்களும் பொறுத்தோம். பிரஷ்ஷால் நான்கு திசையிலும் நீவிவிட்டு, மெஷினை வைத்து உறிஞ்சினார். கறுப்புத் தண்ணீர் ஐந்து வாளி. ஆறாவது வாளி தெளிந்தபோது கார்பெட் பச்சையாக இருந்தது. கிளிப்பச்சை. கோப்பிப் பொடி எல்லாம் வாளியில் இருந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். 'போன மாதிரி வரவில்லை, மன்னிக்கணும் சம்பந்தி' என்று ஒரு வாக்கியம் எனக்குத் தயாராக இருந்தது. பொறு அண்ணன் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். பிறகு சம்பந்தி அம்மாளிடம் சொன்னார்:

"நல்ல கார்பெட்டுக்கா. மட்டமானதா இருந்தா இவ்ளோ மண்ணத் தாங்கியிருக்காது, எப்பவோ கிழிஞ்சிருக்கும். பாத்துதான் வாங்கியிருக்கீங்க."

சம்பந்தி அம்மாளின் தலை நிமிர்ந்தது. மறுநாள் மாலையே மகள் போன் செய்தாள். "அப்பா, அத்தை வர்றவங்ககிட்டயெல்லாம் ஒங்க பேச்சுதான். இந்தக் கலர் இங்க யார்கிட்டயும் கெடையாதாம். அடுத்த தைப்பூசத்துக்கு ரெண்டு கார்பெட்டாக் கொண்டுபோகச் சொல்றாங்க."

தீவில் இதற்கு ஈடான வெற்றியைக் கண்ட பெண்ணின் தகப்பன் வேறு யாரும் இருக்கமுடியாது.

எங்கள் வீட்டிலும் சின்னதாக ஒரு கார்பெட் உண்டு. அதன்பிறகு இரண்டு முறை பொறு அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் ஓர் அறை அறைந்து, கையைப் பார்த்து, "சுத்தமா இருக்குலா அண்ணே" என்று உட்காராமலே போய்விட்டார்.

ஒரு கோப்பி நேரமாவது அவர் எங்கள் வீட்டில் உட்காரவேண்டும். நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன். இன்று காலை கடற்கரைக்குப் போய் ஒரு பிஸ்கட் டின் நிறைய மணல் அள்ளிவந்தேன். கார்பெட்டில் தூவி, உள்ளங்காலால் அழுத்தி அழுத்தி மிதித்திருக்கிறேன். அது சீக்கிரம் வெளியே வந்துவிடக்கூடாது.