ஆறு மணிப் பெரட்டு

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் உலகமே பிள்ளைகளைத்தான் திட்டும். பெற்றவர்களை வரிசையில் நிறுத்தித் திட்டிய ஒரே மனிதரை நான் மலேசியாவில், ஈப்போ சிலிபினில் பார்த்தேன். இத்தனைக்கும் அவருக்குப் பிள்ளை கிடையாது, கல்யாணமே கிடையாது. யாராவது கைக்குழந்தையை நீட்டினால் கேஸ் சிலிண்டரை வாங்குவதுபோல் வாங்குவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாருக்கும் பெரட்டு அண்ணே. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து, பெரட்டு கூப்பிட்டே தொண்டையை வளர்த்தவர் அவர். பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். தொண்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடிக்கு இரவுக் காவலாளியாக வந்து சேர்ந்தார்.

நான் அங்கே நாலாம் மாடியில் ஓர் அறையில் இருந்தேன். இரண்டாம் படிவத்தில் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன் நான். லோரியில் மூட்டை தூக்கினேன், லுமுட்டில் படகு கழுவினேன், லகாட்டில் ஒரு பட்டறையில் படுத்துக் கிடந்தேன். கடைசியில் கிடைத்தது பள்ளி வேன் ஓட்டும் வேலை. எந்த இடத்திலிருந்து ஓடினேனோ அந்த இடத்துக்கே தினமும் பதினைந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கினேன்.

எங்கள் அடுக்குமாடியில் காலை நேரம் தீப்பிடித்த வீடு மாதிரி இருக்கும். லிஃப்ட் ஓடாது. படிக்கட்டில் ஒரு பிள்ளை ஒற்றைக் காலணியோடு அழும். ஒரு தாய் மேலே நின்று கத்துவாள், ஒரு தகப்பன் கீழே வந்த பிறகு புத்தகப்பைக்காகத் திரும்ப ஏறுவான். பெரட்டு அண்ணே தன் காவல் கொட்டகையிலிருந்து மூன்று நாள் இதைப் பார்த்தார். நாலாம் நாள் காலை ஆறு மணிக்குப் படிக்கட்டடியில் ஒரு பழைய லோரிச் சக்கர ரிம்மைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடித்தார். பூகம்பம் என்று நினைத்து இரண்டு குடும்பம் வீட்டுப் பத்திரங்களோடு இறங்கி வந்துவிட்டது.

"ரெண்டாம் மாடி லெட்சுமி!" என்று கூப்பிட்டார்.

"வாரேன் அண்ணே!"

"வாரேன்னா எப்போ வாரே? அடுத்த தீபாவளிக்கா? பெரட்டுல வந்தாச்சுன்னுதான் சொல்லணும்!"

அவர் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடவே மாட்டார். அம்மா, அப்பா பெயர்தான். கூப்பிட்டதும் அவரவர் பிள்ளையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். அண்ணே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவார்.

"பிள்ளை காலுக்கு ஸ்டோக்கின் எங்கலா?"

"காயல அண்ணே."

"நேத்து ராத்திரி ஃபேனுக்குக் கீழ போட்டா காயாதா? உனக்கு இன்னைக்கு அரைநாள்தான்."

சம்பளமே இல்லாத வேலையில் அரைநாள் போனால் என்ன? ஆனாலும் அரைநாள் வாங்கியவர்கள் அன்று முழுவதும் முகம் வாடித்தான் திரிந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளையைச் சீருடையோடு படுக்கவைத்து அப்படியே எழுப்பிக்கொண்டு வந்தார்கள். சட்டைப் பொத்தான் பிள்ளையின் கன்னத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்து அந்தத் தகப்பனைத் துணி தேய்க்க மேலே அனுப்பினார். முதல் மாடிச் சீனத்து அம்மா சத்தம் தாங்க முடியாமல் சண்டைக்கு வந்தார். மறுவாரம் தன் மகனை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

இரண்டு மாதத்தில் என் வேன் ஆறே முக்காலுக்குக் கிளம்ப ஆரம்பித்தது. அதுவரை அது கிளம்பிய நேரத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

ஒரே ஒரு வீடு மட்டும் பெரட்டுக்கு அடங்கவில்லை. மூன்றாம் மாடி சேகர். மனைவி காய்ச்சலில் இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவள் தர்ஷினி மூன்றாம் ஆண்டு, சின்னவள் கவிதா ஒன்றாம் ஆண்டு. சேகருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளைகள் கம்பிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு தனியாகத் தூங்கும். ஆறு இருபதுக்கு பெக்டரி பஸ் அவனை இறக்கிவிடும். மேலே ஏறி, எழுப்பி, குளிக்கவைத்து, சடை பின்ன வேண்டும். பிள்ளைகள் குளிக்கிற நேரத்தில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். வாரத்தில் இரண்டு நாள் நான் அவர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. இரண்டாவதும் வந்தது. சித்தியவானில் இருந்த சேகரின் அக்கா, மூன்றாவது கடிதம் வந்தால் பிள்ளைகளைத் தன்னோடு கொண்டுபோய் அங்கே பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால் சேகரால் கோபப்படவும் முடியவில்லை.

அண்ணேயிடம் இதைச் சொன்னது நான்தான். மறுநாள் பெரட்டில் அவர் யார் பெயரையும் கூப்பிடவில்லை. நேராக லெட்சுமி அக்காவைப் பார்த்தார்.

"நீ தோட்டத்துல பொறந்தவதானே? ஒரு ஆளு பெரட்டுக்கு வரலன்னா அவன் மரத்த என்ன செய்வாங்க?"

"பக்கத்து ஆளுங்க பங்கு போட்டுப் பால் வெட்டுவாங்க அண்ணே."

"அப்பப் பங்கு போடுலா! சேகரு மரம் சும்மா நிக்குது!"

அன்றே சேகரின் காலை பங்கு போடப்பட்டது. அஞ்சரைக்கு எழுப்புவதும் சடை பின்னுவதும் லெட்சுமி அக்கா. காலை ரொட்டி கீழே கடை வைத்திருந்த பாய். இரண்டு பைகளையும் மூன்று மாடி இறக்குவது நான்.

"அண்ணே, நான் வேன் டிரைவர்லா" என்றேன்.

"வேன் என்ன, உன் தோள்லயா ஏறி நிக்குது? தூக்கு!"

அதற்குள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த சேகர் கையைப் பிசைந்தான். "எனக்கு என்னாண்ணே வேல?"

"பஸ்ஸ விட்டு எறங்கி வேன் பக்கத்துல நில்லு. பிள்ளைங்க போறப்போ கையாட்டு. அதையாவது தூங்காம செய்."

மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு திங்கட்கிழமை எல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்தது. லெட்சுமி அக்கா ஒரு கல்யாணத்துக்குத் தைப்பிங் போயிருந்தார். பெக்டரி பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஆறரைக்கு நானும் அண்ணேயும் மேலே ஓடினோம். பிள்ளைகள் தாங்களே எழுந்து சீருடை போட்டுக்கொண்டு, தலைவிரி கோலமாகக் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றன.

"கதவத் தொற பாப்பா" என்றார் அண்ணே.

"அப்பாவோ லெட்சுமி ஆண்ட்டியோ வந்தாத்தான் தொறக்கணும்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றாள் தர்ஷினி.

"நான் பெரட்டுலா!"

"யாரா இருந்தாலும்."

அண்ணே என்னைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிள்ளை சட்டம் பேசி அவரை நிறுத்தியிருந்தது. நான் சேகருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அண்ணே யோசித்தார். பிறகு, "சரி, திரும்பி முதுகக் காட்டு" என்றார்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சடை பின்னினார். ரிப்பன் உள்ளே எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தாழ்வாரத்தில் பழைய பேப்பர் கட்டிவைத்திருந்த சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை உருவினார். ரப்பர் ஷீட்டு மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். சின்னவள் முறை வந்தபோது முடிச்சை இறுக்காமல் நிறுத்திக் கேட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா சொல்லு. சொல்லலன்னா அரைநாள்."

அதற்குள் சேகர் போனை எடுத்துவிட்டான். கம்பியருகே பிடித்தேன். "தர்ஷி, கதவத் தொறம்மா" என்றான். பூட்டு திறந்தது.

அன்று அண்ணேயும் வேனில் ஏறிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளியின் கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வேன் நிற்கும் முன்பே அண்ணே குதித்தார். "தர்ஷினி, கவிதா, வந்தாச்சு!" என்று கத்தினார். கேட்டை இழுத்தவர் கை அப்படியே நின்றது. காலைச் சபைகூடலில் நின்ற மொத்தப் பள்ளியும் திரும்பிப் பார்த்தது. இரண்டு சிவப்பு ராஃபியாச் சடைகள் கேட்டின் இடுக்கில் நுழைந்து உள்ளே ஓடின. சாயங்காலம் அந்த முடிச்சுகளை அவிழ்க்க, தைப்பிங்கிலிருந்து திரும்பிய லெட்சுமி அக்காவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

மூன்றாவது கடிதம் வரவில்லை. ஆண்டுக் கடைசியில் சித்தியவான் அக்கா நேரில் பார்க்க வந்தார். அண்ணே அவரையும் வரிசையில் நிறுத்தி, "சேலையில நிக்கிற ஆளு யாரு? எந்த மாடி?" என்று அதட்டினார். அக்கா முழுப் பெரட்டும் முடியும்வரை அசையாமல் நின்றார். வேன் பக்கத்தில் தம்பி கையாட்டுவதையும் பார்த்தார். மத்தியானம் தனியாகவே பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை தொடங்கியது. மற்ற விடுமுறைகளில் லெட்சுமி அக்கா சொல்லிவிடுவார், இந்த முறை யாரும் அண்ணேயிடம் சொல்லவில்லை. பிள்ளை இல்லாதவருக்கு விடுமுறை எப்படித் தெரியும்? ஆறு மணிக்கு ரிம் அடித்தது. நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அண்ணே காலியான படிக்கட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது பெக்டரி பஸ்ஸைவிட்டு இறங்கிய சேகர், தூக்கக் கண்ணோடு அவர் முன்னால் போய் நேராக நின்றான்.

"வந்தாச்சுண்ணே" என்றான்.

அண்ணே அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்கும் சேகரே, "வந்தாச்சு" என்றான்.

எல்லாப் பெயருக்கும் அவன் ஒருத்தனே எப்படிப் பதில் சொல்வான்? சட்டையை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.