மேட்டு வளைவில் நின்றுபோகும் கார் குறித்து

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்காவும் மகளும் நானும் உடல்நலத்தோடு இருக்கிறோம்; மனநலம் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் குடும்பத்தாரும் நல்ல சுகத்தோடும் நல்ல சிக்னலோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தபாலில் அனுப்புவதிலிருந்தே விஷயம் தங்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

நாலு மாதம் முன்பு மூன்று பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். இதே போல இன்னொன்று குன்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் ஆபீஸ் மொட்டைமாடியில் ஏற்கெனவே இருக்கிறது என்றீர்கள். இங்கே ஒன்றை, இனி தெருவுக்கே போன் எடுக்கும் என்று சொல்லி, எங்கள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மாட்டினீர்கள். நடுவில் குன்று; அது மறைப்பதால்தான் எங்கள் தெருவுக்கு சிக்னலே கிடையாது. "இந்த ரேடியோ ரூட்டருக்கு ஒரே இடத்துல இருக்கணும்னு கிடையாது மாமா. வண்டியில வச்சா வண்டியோட போகும். இன்னொரு பெட்டி கண்ணுல பட்டா அதுவே தேடிப்போய்க் கைகோத்துக்கும். பத்து கிலோமீட்டர்னாலும் பரவாயில்ல" என்றீர்கள். இரண்டு பக்கமும் தெரிகிற ஒரே இடம் குன்றுச் சாலையின் மேட்டு வளைவு. அங்கே ஆணிகூட அடிக்கக்கூடாது என்று கல்குவாரிக்காரர் சொல்லிவிட்டார். உடனே தாங்கள், நாள் முழுக்க அந்த மேட்டில் ஏறி இறங்குகிற டிரைவிங் ஸ்கூல் காரின் கூரையில் இன்னொரு பெட்டியைக் கட்டினீர்கள். மிச்சமிருந்த ஒன்றை "இருக்கட்டும்" என்று எங்கள் பீரோவில் வைத்துவிட்டுப் போனீர்கள். "என் தம்பி மூளை யாருக்கு வரும்?" என்றார் உங்கள் அக்கா. நானும் தலையாட்டினேன்.

தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று: ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர் அந்த வளைவைக் கடக்க நாலு நொடிதான் ஆகிறது. நாலு நொடியில் "ஹலோ" சொல்லலாம். யார் பேசுவது என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் இப்படி ஹலோவிலேயே காலம் தள்ளினோம். அப்புறம்தான் தையல்காரம்மா கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அந்த அம்மாவுக்கு மேட்டில் கிளட்ச் பிடிபடவில்லை. சரியாக வளைவுக்கு வந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிடும், மறுபடி கிளம்ப எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். முதல் நாள் அப்படி நின்றபோது தெருவில் எல்லார் போனும் ஒன்றாகக் கத்தின. எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு, அவருடைய நண்பர் படுத்த படுக்கையானதும், தேறியதும், சுற்றுலா போனதும் ஒரே மூச்சில் தெரியவந்தது. துக்கம் விசாரிப்பதா வாழ்த்துவதா என்று தெரியாமல் போனும் கையுமாக வாசலில் நின்றார். அன்றிலிருந்து தெருவே அந்த அம்மாவைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க ஆரம்பித்தது. "இன்னிக்கு எப்படி ஓட்டுனாங்க?" என்று சலூன்காரர் கேட்பார். "ரொம்ப நல்லா ஓட்டிட்டாங்க" என்றால், "அடப்பாவமே!" என்று கத்தரியைக் கீழே வைத்துவிடுவார். நான் முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். நடுவில் நின்றுபோனால் ஜனங்கள் திட்டுவார்கள் என்றுதான் தெரியும். கைதட்டி இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த நிலையில்தான் நம் பெண்ணுக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கான நேர்காணல் வந்தது, வீடியோவில், புதன்கிழமை பதினொரு மணிக்கு. அதே புதன், அதே பதினொரு மணிக்குத் தையல்காரம்மாவுக்கு அந்தக் காரிலேயே டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே மூன்று தடவை ஃபெயில். குன்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு தொழிற்சாலைகளுக்குச் சீருடை தைத்து, மூட்டை மூட்டையாக பஸ்ஸில் ஏற்றி இறக்கி முதுகு போய்விட்டது அவருக்கு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன்.

"நாளைக்கு அந்த வளைவுல..." என்று ஆரம்பித்தேன்.

"நிக்கவே மாட்டேன் சார். தையல் மிஷினை மிதிக்கும்போதுகூட கிளட்சை நினைச்சுத்தான் மிதிக்கிறேன்."

"இல்லம்மா... கொஞ்சம் நின்னா..."

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "நான் ஃபெயிலாகணுமா சார்?"

மாப்பிள்ளை, என் சட்டைப் பட்டனை நானே பிய்த்து, "இதைத் தைக்கத்தான் வந்தேன்" என்றேன். தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டையை இன்னும் போட மனசு வரவில்லை.

புதன்கிழமை நான் மொட்டைமாடியில், உங்கள் அக்கா மாடிப்படியில், பெண் முன்னறையில் லேப்டாப் முன்னால். கார் ஏறியது. டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் மேட்டில் நிறுத்தி எடுத்துக் காட்டச் சொன்னார் போலிருக்கிறது, வளைவிலேயே நின்றது. திரையில் மூன்று முகங்கள் வந்தன. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்களாம். இவள் வாயைத் திறக்கிறாள், அந்தப் பாவி கார் ஒரு குலுங்கல் இல்லாமல், வெண்ணெய் மாதிரி, கிளம்பிப் போயே விட்டது! மூன்று பேரும் அப்படியே உறைந்துவிட்டார்கள், ஒருவர் வாயைத் திறந்தபடி, ஒருவர் காதைச் சொறிந்தபடி. நம் பெண் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். "ஏங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ஓடுங்க!" என்று உங்கள் அக்கா போட்ட சத்தத்தில் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். கார் குவாரி வாசலில் திரும்பி, இறங்கி, இரண்டாம் தடவை ஏறிவந்தபோது வளைவில் நடுரோட்டில் கையை விரித்து நின்றேன்.

வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. "யாருய்யா நீ? சாகணும்னா வேற வண்டி கிடைக்கலியா?" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மூச்சு வாங்கியது. கார் கூரையைக் காட்டினேன், வீட்டைக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். தையல்காரம்மா என்னைப் பார்த்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

"சார், மேட்டுல எடுத்தது எனக்கே திருப்தியா இல்ல. இன்னொரு தடவை காட்டட்டுமா?"

காட்டினார். ஒரு அடி நகர்த்தி மறுபடி நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம் சுத்தமா வரும் சார்." இப்படிப் பதினொரு தடவை. பின்னால் ஏழு லாரி ஹாரன் அடித்தது. இன்ஸ்பெக்டர் தடுத்திருப்பார், ஆனால் அவருக்கும் போன் வந்துவிட்டது, அவருடைய அம்மா, பேசி முடிக்க அவருக்கும் மனசில்லை.

தையல்காரம்மா பாஸ். இவ்வளவு சிரத்தையான ஆளைப் பார்த்ததில்லை என்றாராம் இன்ஸ்பெக்டர். பெண்ணுக்கும் வேலை கிடைத்துவிட்டது. இணைப்பு அறுந்து திரும்பி வந்தபோதும் பதறாமல் பேசிக்கொண்டே இருந்தது அவள் ஒருத்திதானாம்.

இதில் புகார் என்ன என்று கேட்பீர்கள். தையல்காரம்மா இப்போது சொந்த வேனில் மேட்டைக் காற்றாய்க் கடக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பிறவியிலேயே ஓட்டத் தெரிந்தவர்கள். தெருவில் மறுபடி ஹலோ மட்டும்தான். நான்தான் அந்த அம்மாவைப் பாஸ் பண்ண வைத்தேன் என்று பல் டாக்டர் என்னோடு பேசுவதில்லை, சலூன்காரர் என் தலையைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். திங்கட்கிழமை பெண்ணும் ஊருக்குக் கிளம்புகிறாள். ஆகவே தயவுசெய்து உடனே வந்து பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போகவும். நாங்கள் சத்தமாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறோம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, தங்களுக்கு இரண்டிலும் பாதி.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு நிற்கும்
மாமா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் பத்து நாள் வைத்திருந்துவிட்டேன். கழற்ற வர வேண்டாம். உங்கள் அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். முதல் நாளே வளைவில் ஏழு தடவை வண்டி ஆஃப். இப்படி ஒரு கையை, காலைப் பார்த்ததே இல்லை என்று மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெண் தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறாள். இங்கே நான் பேசுகிறேன், அங்கே காருக்குள்ளிருந்தே உங்கள் அக்கா பேசுகிறார், பின்னால் லாரிகள். "எப்ப டெஸ்ட்?" என்று கேட்டேன். "அதுக்கென்ன இப்ப அவசரம்?" என்கிறார். தாங்கள் ஆசைக்கு வந்து பார்ப்பதானால் வரலாம். ஆனால் பீரோவில் இருக்கும் பெட்டியைத் தங்கள் கார் கூரையில் கட்டி விடுவேன்; மேட்டில் நீங்களே ஓட்டுங்கள், கொஞ்சம் மோசமாக.