அரைக்கால் அங்குலம்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்குக் கை இன்றியமையாதது. அதிலும் பந்தை எறிந்து பிழைக்க வருபவனுக்குக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒன்பது அங்குலம், அதாவது சரியாக ஒரு சாண், இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் விதி. அதில் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறைந்து எட்டேமுக்காலே அரைக்கால் இருந்தால் அவன் நல்லவனாக இருக்கலாம், பெற்றோரை மதிப்பவனாக இருக்கலாம். எறிபவனாக மட்டும் இருக்க முடியாது.

எங்கள் அலுவலகம் என்பது மில்ஹேவன் ஹெரான்ஸ் என்னும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியின் 'வருங்கால வீரர் கண்டறிதல், அளத்தல் மற்றும் மதிப்பிடுதல் பிரிவு'. ஆட்டத்தின் பெயர் கால்பந்து. அளப்பது கையை. இதைப் பற்றி ஒஹாயோ மாநிலத்தில் யாரும் கேள்வி கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மா, என் நியமனக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார். லோரெட்டா பிசெக் என்ற என் பெயர் பளிச்சென்று தெரியும். 'தற்காலிகம்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. அந்த இரண்டு இடத்திலும் காந்தப் பொம்மை வைத்து மறைத்திருக்கிறார்.

பிரிவின் தலைவர் க்ளைட் வாண்டர்ஹூஃப். எல்லாரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாழ்நாளில் எந்த அணிக்கும் பயிற்சி கொடுத்ததில்லை. முப்பது வருடமாகக் கை அளக்கிறார். அளப்பதற்கு அவரிடம் மூன்றடி மரக்கோல் ஒன்று உண்டு. எங்கள் ஊர் மரக்கடை ஒன்று, திறப்புவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. அளக்காத நேரங்களில் அந்தக் கோலின் நுனியைத் தரையில் தட்டித் தட்டிப் பேசுவார். சாதாரணக் கருத்துக்கு ஒரு தட்டு. முக்கியமான கருத்துக்கு மூன்று. அவருக்கு முக்கியமில்லாத கருத்து என்று எதுவும் கிடையாது.

ஜனவரியில் கல்லூரி அணிகளின் இறுதிப்போட்டி வந்தது. அதையொட்டி 'ஆட்டத்திலிருந்து நாம் கற்ற பத்துப் பாடங்கள்' என்றொரு அறிக்கை அணி முதலாளிக்குப் போக வேண்டும். கோச் என்னைக் கூப்பிட்டார்.

"லோரெட்டா, பத்துப் பாடத்தையும் வெள்ளிக்கிழமைக்குள்ள அடிச்சுக் குடுத்துரு."

"கோச், ஆட்டமே திங்கட்கிழமைதானே?"

"அதனாலதாம்மா வெள்ளிக்கிழமை கேக்குறேன். ஆட்டத்தைப் பாத்துட்டு எழுதினா மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும்."

எழுதிக் கொடுத்தேன். 'அதிகப் புள்ளி எடுத்த அணியே இறுதியில் வென்றது' என்பது முதல் பாடம். 'தடுப்பு வலுவாக இருந்தால் எதிரணிக்குச் சிரமம்' என்பது நான்காவது. வென்ற அணியின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டேன். "உனக்கு இந்தத் தொழில்ல எதிர்காலம் இருக்கு" என்று கோச் ஒரு தட்டு தட்டினார்.

திங்கட்கிழமை மழை கொட்டியது. லூசியானாவிலிருந்து வந்த கல்லூரி அணி பாதி ஆட்டத்தில் இருபது புள்ளி பின்தங்கியிருந்தது. அவர்களுடைய எறிபவன் டேரியன் ப்ரூசார்ட் என்ற பையன், இரண்டாம் பாதியில் ஐந்து முறை எறிந்தான்; ஐந்து முறையும் அதைப் பிடித்தவன் எல்லைக்கோட்டைத் தாண்டினான். சோப்புக்கட்டி மாதிரி இருந்த பந்து அவன் கையை விட்டு ஒருமுறைகூட நழுவவில்லை. கோச் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார்.

"இவன்தான்! ரெக்ஸுக்கு அப்புறம் இவன்தான்!"

ரெக்ஸ் தோர்ன்பெரி எங்களுக்கு இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்த எறிபவர். வயது முப்பத்தெட்டு, இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவருடைய இடத்துக்கு ஆள் வேண்டும். ஏப்ரல் மாதம் நடக்கும் டிராஃப்டில், தொழில்முறை அணிகள் வரிசையாக ஒவ்வொரு கல்லூரிப் பையனாகத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த முறை முதல் வாய்ப்பு எங்களுக்கு. ஆகவே ஊரே அந்த வாரம் ப்ரூசார்ட் என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு திரிந்தது.

பிப்ரவரியில் இண்டியானாபொலிஸ் நகரில், டிராஃப்டுக்கு வரும் பையன்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி ஓடவிட்டார்கள், குதிக்கவிட்டார்கள், கையை அளந்தார்கள்.

டேரியன் ப்ரூசார்டின் கை எட்டேமுக்காலே அரைக்கால்.

கோச் தொப்பியைக் கழற்றினார். "அரைக்கால் குறையுது."

"மழையில அஞ்சு தடவை எறிஞ்சானே கோச்? பந்து ஒரு தடவைகூட வழுக்கலையே?"

"கை சின்னதுன்னு அப்ப பந்துக்குத் தெரியாதும்மா. இப்ப பேப்பர்ல வந்திருச்சே."

ஆனாலும் நேர்காணலை நிறுத்தவில்லை. புள்ளிவிவர நிபுணர் பிரெஸ்டன்தான் கேள்வி கேட்டார். அவர் முனைவர். காலுறை போடமாட்டார். காலுறை போடாதவர்கள் புதுமையாகச் சிந்திப்பார்கள் என்று முதலாளி எங்கோ படித்துவிட்டுத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்.

"டேரியன், நீ ஒரு சமையல் சாமானா பொறந்திருந்தா, என்ன சாமானா பொறந்திருப்ப?"

பையன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"எங்க ஊர் கம்போக் குழம்பு கிண்டுற மரக்கரண்டி சார்."

"ஏன்?"

"எங்க வீட்ல ஆள் ஜாஸ்தி, பானை பெருசு. அடிவரைக்கும் போய்க் கிண்டாட்டிக் கருகிடும்."

'நெருக்கடியில் அடிமட்டத்துக்குச் செல்லக்கூடியவர்' என்று பிரெஸ்டன் கணினியில் பதிந்துகொண்டார்.

கோச் மெதுவாகக் கேட்டார். "தம்பி, உன் கையைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

"இருபத்தோரு வருஷமா என்கூடத்தான் சார் இருக்கு. இதுவரைக்கும் குறைன்னு எதுவும் சொல்லத் தோணல." பிறகு சிரித்தான். "எனக்கு மில்ஹேவன்லதான் ஆடணும் சார். எங்க மாமா இந்தப் பக்கம் லாரி ஓட்டினாரு. பத்து வயசுல அவர்கூட வந்து, உங்க மைதான வாசல்ல சிமெண்ட்ல பதிச்சிருக்கிற ரெக்ஸ் கையில என் கையை வச்சுப் பாத்தேன். பாதிகூட எட்டல. ரெண்டு வருஷம் முன்னாடி வந்து திரும்ப வச்சேன். அச்சுப் பிசகாமப் பொருந்திச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ஆடினா இங்கதான்."

எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. ரெக்ஸின் கை ஒன்பது அங்குலம் என்று பதிவேட்டில் இருக்கிறது. கோச் தன் கையால் அளந்து கையெழுத்துப் போட்டது. எட்டேமுக்காலே அரைக்கால் கை அதில் எப்படி அச்சுப் பிசகாமல் பொருந்தும்?

ஊர் திரும்பியதும் இரும்பு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு மைதான வாசலுக்குப் போனேன். குழந்தைகள் வரிசையில் நின்று ரெக்ஸ் கைக்குள் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். அளந்தேன். எட்டேமுக்காலே அரைக்கால். பின்னால் நின்ற சிறுமி, "அக்கா, கையைத்தான் வைக்கணும்" என்று அறிவுரை சொன்னாள்.

அலுவலகத்துக்கு வந்து மரக்கோலைப் பார்த்தேன். ஒன்று என்று போட்ட கோட்டுக்கு முன்னால் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். முக்காலே அரைக்கால்தான் இருந்தது. மீதி, முப்பது வருடமாகத் தரையில் தட்டியதில் முக்கியமான கருத்துகளோடு சேர்ந்து தேய்ந்துபோயிருந்தது. இந்தக் கோலில் ஒன்பது என்று காட்டிய கை எல்லாம் நிஜத்தில் எட்டேமுக்காலே அரைக்கால் கை.

மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பையன் போய்விடுவான். நான்காம் நாள், 'பணிவான கவனத்துக்கு' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

கோச் படித்துவிட்டுக் கோலை எடுத்தார். தட்டப் போனவர் தட்டாமல் நிறுத்திக்கொண்டார்.

"சிமெண்ட் சுருங்கியிருக்கும்மா. நம்ம ஊர்க் குளிர் அப்படி."

"கோல்லயும் குறையுதே கோச்."

"மரமும் சுருங்கும்."

இதை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. சிமெண்ட் சுருங்கியதா, மரம் சுருங்கியதா, அல்லது அங்குலமே சுருங்கிவிட்டதா என்று மூன்று நாள் விவாதித்தார்கள். அங்குலம் சுருங்கியிருக்க வாய்ப்பு அறுபத்திரண்டு சதவீதம் என்று பிரெஸ்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். கடைசியில் தீர்மானம் வந்தது: மேற்படி கோலால் அளக்கப்பட்ட கைகள் யாவும் அளந்த நாளில் இருந்த அளவிலேயே செல்லும். இனி வரும் கைகள் இரும்பு நாடாவால் அளக்கப்படும். ஒன்பது அங்குல விதியில் மாற்றமில்லை.

நான் கேட்டேன். "கோச், ரெக்ஸ் கையும் டேரியன் கையும் ஒண்ணுதானே? பழைய கோல்லயே அவனையும் அளந்துட்டா ஒன்பது வந்துடுமே?"

கோச் என்னை வருத்தத்தோடு பார்த்தார். அது நடிப்பில்லை.

"தப்பான கோலாலயாம்மா? தப்புன்னு நீதானே மூணு பக்கம் எழுதிக் குடுத்த? அந்தப் பையன் அடுத்த வாரம் இங்க வரான். என் கோலால அளந்து, ஒன்பதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முதல் ஆளா எடுக்கலாம்னு இருந்தேன். மழையில அவன் எறிஞ்சதை நானும்தானே பாத்தேன்? இப்ப என் கையைக் கட்டிட்டியே."



அடுத்த வாரம் டேரியன் வந்தான். இரும்பு நாடா தன் கடமையைச் செய்தது. போகும்போது தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து நின்றான்.

"கோல் தேஞ்சதைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே மேடம்?"

"ஆமா. மன்னிச்சுக்கப்பா."

"மன்னிக்க என்ன இருக்கு? உள்ளதைத்தானே சொன்னீங்க." இரண்டடி நடந்தவன் திரும்பினான். "ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்."

ஏப்ரலில் நாங்கள் எடுத்தது பிரைஸ் கெட்டில்மன் என்ற பையனை. கை பத்தேமுக்கால் அங்குலம். அவன் பந்தைப் பிடித்தால் பந்து வெளியே தெரியாது. எதிரணிக்குத் தெரியவில்லை. நடுவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கும் தெரியவில்லை. பிடித்த பந்தை அவன் விடுவதில்லை என்று கோச் பெருமைப்பட்டார். எறிவதற்கும் விடவில்லை.

டேரியனை மூன்றாம் சுற்றில் கிரீன்ரிட்ஜ் அணி எடுத்துக்கொண்டது. இரண்டாம் வருடம் அந்த அணி கோப்பையை வாங்கியது. போகிற வழியில், கொட்டும் பனியில், எங்களைத்தான் முப்பத்தொன்றுக்கு மூன்று என்று தாண்டிப் போனது.

நாங்கள் தோற்ற மறுநாள் கோச் வந்தார். வெள்ளிக்கிழமையே தயாராக இருந்த பத்துப் பாடத்தில் கிரீன்ரிட்ஜ் பெயரை நிரப்பச் சொன்னார். பிறகு, வரலாற்றில் முதல்முறையாக, ஆட்டத்தைப் பார்த்தபின் பதினோராவது பாடம் ஒன்றைச் சொன்னார்.

"எழுதிக்கோ. எறியுறவனுக்குக் கை சின்னதா இருக்கணும். சின்னக் கைக்குத்தான் வேகம். இனிமே எட்டேமுக்காலே அரைக்காலுக்கு மேல ஒரு நூல் போனாலும் வேண்டாம்."

"அப்ப ஒன்பது அங்குல விதி, கோச்?"

"அது எந்தக் கோல்ல ஒன்பது? என் கோல்ல. நிஜத்துல எவ்வளவு? நீதானே கண்டுபிடிச்ச! ரெக்ஸ் காலத்துலயே நான் எட்டேமுக்காலே அரைக்கால் கையாப் பாத்துப் பொறுக்கியிருக்கேன். எனக்கே தெரியாம!"

இப்போது நாடு முழுக்க அதுதான் நாகரிகம். ஒன்பது அங்குல விதிக்காகக் கையை நீட்டிவிட்டுப் பிழைத்த நிபுணர்கள் எல்லாம் பெயர்ப்பலகையைத் திருப்பிப் போட்டுக் கையைச் சுருக்கிவிடும் நிபுணர்களாகிவிட்டார்கள். அளக்க வரும் பையன்கள் விரலை விரிக்க மறுக்கிறார்கள். போன வாரம் அயோவாவிலிருந்து வந்த ஒருவனுக்குச் சரியாக ஒன்பது. நன்றாக எறிகிறான். கோச் அவன் தோளைத் தட்டி, "பாவம், பெரிய கை" என்றார்.

அந்த மரக்கோல் மைதான வாசலில், ரெக்ஸ் கைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 'காலத்துக்கு முன்னே அளந்த கோல்' என்று கீழே பொறித்த வாசகம் நான் எழுதியது. எழுத்துப்பிழை கிடையாது. என்னை 'அளவு நேர்மை அலுவலர் (நிரந்தரம்)' ஆக்கியிருக்கிறார்கள். அம்மா காந்தப் பொம்மைகளை எடுத்துவிட்டார்.

ஒரு விஷயம் கவனித்தேன். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், பாதியிலேயே மேஜை மேல் விரலை விரித்துவைத்துத் தங்கள் கையைப் பார்க்கிறார்கள். அம்மா பார்த்தார். பல் மருத்துவர் பார்த்தார், என் வாய்க்குள் இருந்த கையை வெளியே எடுத்து.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு வந்தது?

ஒன்பதா? அடடா. போன வருடம் வந்திருக்கலாமே.