வியன்னா வீடும் ரிமினிக் குடையும்

வியன்னா,
ஆகஸ்ட் 1987

பெருமதிப்புக்குரிய மூத்த சகலை ஒத்தாவியோ அவர்களுக்கு, பியாசென்சா குளியலறைச் சாமான் கடை எர்மானோ பணிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் லொரென்சாவும் மகள் இலாரியாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கு ரிமினிக் கடற்கரையில் தாங்களும் மார்செல்லா அண்ணியும் மூன்றாம் வரிசைக் குடையின் கீழ் சுகமாக இருக்கவும், தங்கள் முதுகுத் தோல் சென்ற ஆண்டைப் போல உரிந்து வராமல் இருக்கவும் தேவமாதா துணையிருப்பாளாக.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டேன். ஈஸ்டர் விருந்தில், வியன்னாவில் வீடு எடுப்போம் என்று நான் வழக்கம்போல் ஆரம்பித்ததும், ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, உறவு சனம் அத்தனை பேர் முன்னால், "உனக்கு வீடு பார்க்கத் தெரியுமாப்பா? நீ கக்கூஸ் பார்த்தே காலத்தை ஓட்டினவன். சரி, ஒரு தடவை போய்ட்டு வா. வீடு சொதப்பிடுச்சுன்னா ஆயுசுக்கும் கோடைக்கு எங்க போறதுன்னு நான்தான் சொல்லுவேன். சொதப்பலேன்னா நீ சொல்லு" என்று தாங்கள் சொன்னது தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான கோடையிலிருந்து அதே ரிமினி, அதே குடை, சாப்பிட்ட பிறகு மூன்று மணி நேரம் கடலில் கால் வைக்கக்கூடாது, வைத்தால் செரிமானம் நின்று ஆள் போய்விடுவான் என்று தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பீர்கள். தலை நரைத்த பிறகும் தண்ணீரில் பெருவிரலை நனைக்கத் தங்களிடம் அனுமதி கேட்டு நின்றவன் நான். அந்த அடிமை வாழ்வு முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைத் தாங்கள் வயிறு எரியப் படிக்கவேண்டும் என்பதற்காகவே விளக்கமாக எழுதுகிறேன்.

கோடைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன் ஒரு கட்டுப் புகைப்படம் கொடுத்தான். எல்லாம் வியன்னாவின் பழைய நகருக்குள் இருக்கும் வீடுகள். ஒன்றில் சன்னலைத் திறந்தால் பேராலயத்துக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. லொரென்சா அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் படத்தைத் திருப்பிப் பார்த்தேன், குளியலறையைக் காணோம். "கோபுரத்தைத் தெருவுல நின்னு பார்த்துக்கலாம். காலைல எந்திரிச்சதும் நீ முதல்ல எங்க போவே, கோபுரத்துக்கா?" என்று கேட்டேன். சகலை, தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் ஊரில் பிடே இல்லாத வீட்டில் நாய்கூடக் குடியிருக்காது. உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் அந்தப் பீங்கான் தொட்டியை விற்றுத்தான் நான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன். ஆனால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிவிட்டால், மாளிகை கட்டியவனும் சிம்பொனி எழுதியவனும் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டே பிறவியை முடித்துவிடுகிறான். ஆகவே வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டேன். இலாரியாவின் ஜெர்மன் பாடப்புத்தகத்தில் இந்தச் சாமானுக்கு வார்த்தை இல்லை என்பதால் படமாக வரைந்து, 'இது உங்கள் வீட்டில் உண்டா?' என்று மட்டும் கேட்டேன்.

பதில்கள் வந்தன. ஒரு விதவை, 'அன்புள்ள இசைக்கலைஞரே, தங்கள் வயலின் பெட்டியை வைக்க இடம் உண்டு, ஆனால் மதிய நேரத்தில் வாசிக்கக்கூடாது' என்று எழுதியிருந்தாள். இன்னொருவர் தொட்டில் தம்மிடமே இருப்பதாகவும், குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துகள் என்றும் எழுதியிருந்தார். மூன்றாவதாக ட்ஸ்வெட்லர் என்ற அம்மாள், 'நீங்கள் வரைந்திருப்பது எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டாம் மாடி' என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான் கடிதம். நான் கடைக்கு நடுவில் நின்று கத்தினேன். இலாரியா மட்டும், "அப்பா, வேற எதுவுமே கேக்கலியே நீங்க. கட்டில் இருக்கான்னாவது கேட்டிருக்கலாம்" என்றாள். கட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும், பெண்ணே.

சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தோம். பெட்டிகளில் பாஸ்தா, தக்காளிச் சாறு ஜாடிகள், பார்மா ஊர்ச் சீஸில் ஒரு கால் வட்டம், நம் காப்பிக் கெட்டில். இரண்டாம் மாடிதானே என்று ஏற ஆரம்பித்தோம். இந்த ஊரில் தரைக்கு மேல் ஒரு தளம், அதற்கு உயர்தரை என்று பெயர். அதற்கு மேல் ஒன்று, அது இடைத்தளம். இரண்டும் ஏறி முடித்து நாக்குத் தள்ளி நிற்கும்போதுதான் முதல் மாடி என்று பலகை போட்டிருக்கிறார்கள். "ஏங்க, ரெண்டாவது மாடின்னுதானே சொன்னீங்க? இன்னும் கொஞ்சம் ஏறினா நம்ம ஊரே தெரியும் போல இருக்கே" என்றாள் லொரென்சா. லிஃப்ட் இருக்கிறது. அது சாவி போட்டால்தான் திறக்கும். சாவி ட்ஸ்வெட்லர் அம்மாளிடம் இருக்கிறது. அம்மாள் எங்களை வரவேற்க இரண்டாம் மாடியில் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே போனால் கட்டில் இருந்தது. ஒரே பெரிய கட்டில், ஆனால் அதன் மேல் ஆளுக்கொன்றாக இரண்டு தனித் தனிப் போர்வைகள் மடித்து வைத்திருந்தார்கள். லொரென்சாவின் முகம் மாறிவிட்டது. "கடுதாசில என்ன எழுதினீங்க? நமக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைன்னு எழுதினீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் எல்லாத் தம்பதியரும் இப்படித்தான் படுக்கிறார்கள் என்று இலாரியா ட்ஸ்வெட்லர் அம்மாளிடம் கேட்டுச் சொன்ன பிறகும், "அதான் ஊர்ல ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பைக் காணோம்" என்றாள். ஆனால் சகலை, அன்று இரவு, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு முழுப் போர்வை எனக்கே எனக்கு. விடியும்வரை யாரும் இழுக்கவில்லை. ரிமினியில் கிடைக்குமா இது?

குளியலறைக்கு வருகிறேன். பிடே இருந்தது. வெள்ளை வெளேரென்று, புதுக் கருக்கு மாறாமல், நான் வரைந்தது மாதிரியே இருந்தது. அதற்குள் சிவப்பு ஜெரேனியச் செடிகள் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. ட்ஸ்வெட்லர் அம்மாள் பெருமையோடு அதைத் தடவிக் காட்டினாள். "செடி வைக்க இதைவிட வசதியான தொட்டியே கெடையாதாம் அப்பா. தண்ணிக் குழாயோட சேர்ந்தே வருதேன்னு அவங்களுக்கு ஒரே ஆச்சரியமாம்" என்றாள் இலாரியா. நானும் தலையாட்டி வைத்தேன். வந்த இடத்தில் ஒரு பெண்மணியை வருத்தப்படுத்தக்கூடாது.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் செடிகளைச் சன்னலுக்கு மாற்றிவிட்டு, துடைத்து, கழுவி, மரியாதையோடு குழாயைத் திறந்தேன். தண்ணீர் கூரையில் போய் அடித்தது. அதைப் பொருத்தியவன் ஜென்மத்தில் பிடேயைக் கண்ணால் கண்டதில்லை என்பது அந்த விநாடியில் விளங்கிவிட்டது. வாஷர் கிடையாது, இணைப்பு தலைகீழ். நான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு லொரென்சாவைக் கூப்பிட, அவள் வந்து பார்த்து, "இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கப் போய்விட, தண்ணீர் தரைப் பலகை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர், நவ்ராட்டில் என்று பெயர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இரவு அங்கியோடு, விரித்த குடையோடு நிற்கிறார்.

"அவங்க சமையல்கட்டுல மழை பெய்யுதாம் அப்பா."

"வெளிய நல்ல வெயில்தானே அடிக்குதுன்னு சொல்லு."

"அதான் அவருக்கும் புரியலையாம்."

அந்த நிமிஷம் எனக்கு ஈஸ்டர் மேசையும் தங்கள் சிரிப்பும்தான் கண்ணில் தெரிந்தது. வீடு சொதப்பிவிட்டது, ஆயுசுக்கும் மூன்றாம் வரிசைக் குடைதான் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை திறக்காது, பிளம்பர் வரமாட்டான், ஒழுகுவதென்றால் திங்கட்கிழமைவரை ஒழுகவேண்டியதுதான் என்று நவ்ராட்டில் சட்டம் சொல்கிறார். நான் பெட்டியைத் திறந்தேன். பாஸ்தாவுக்கு அடியில் ஸ்பானரும் ஒரு டப்பா வாஷரும் இருந்தன. விடுமுறைக்கு எதற்கு ஸ்பானர் என்று கேட்காதீர்கள், தாங்கள் கடற்கரைக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவதில்லையா? காப்பி கொதித்து அடங்குவதற்குள் வேலையை முடித்தேன். கீழே போய் அவர் சமையலறையைத் துடைத்தேன். போன கையோடு, அங்கே வெகு காலமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் அடைத்துக் கொடுத்தேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டோம். தட்டுத் தட்டாகப் பாஸ்தாவை உள்ளே தள்ளிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "இன்ஜினியர் ஐயா" என்றார்.

சகலை, இந்த ஊரில் பட்டம் இல்லாமல் ஒரு மனிதரைக் கூப்பிட மாட்டார்கள். இல்லாவிட்டால் அவர்களே ஒன்றைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள். மாலைக்குள் கட்டடம் முழுக்க இன்ஜினியர் ஐயா வந்திருக்கும் செய்தி பரவிவிட்டது. இடைத்தளத்து அம்மாளுக்குக் குளியல் தொட்டி அடைப்பு, உயர்தரை டாக்டருக்கு வெந்நீர் வரவில்லை, முதல் மாடிப் பியானோ வாத்தியாருக்குக் கழிவுநீர்க் குழாய் பாட்டுப் பாடுகிறது. போகிற இடமெல்லாம் கேக். லொரென்சாவும் இலாரியாவும் அரண்மனை, வெள்ளைக் குதிரைகளின் நடனம், ஆற்றில் படகு எல்லாம் பார்த்துவிட்டார்கள். நான் இன்னும் பேராலயத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வியன்னா நகரத்தின் வாஷ்பேசின்களை அடியிலிருந்து என்னளவு பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

நேற்று எல்லோரும் கூடி, செடித் தொட்டிக்கு இவ்வளவு பாடா, உண்மையில் அது எதற்கு என்று கேட்டார்கள். இலாரியா மொழிபெயர்க்க முடியாது என்று வெளியே ஓடிவிட்டாள். நானே சைகையால் விளக்கினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பியானோ வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் நவ்ராட்டில், "ஆக, செடிக்கு இல்ல" என்றார். இன்று காலை இடைத்தளத்து அம்மாள் யாருக்கும் தெரியாமல் வந்து, அதே மாதிரி ஒன்று தன் வீட்டுக்கும் வேண்டும் என்று சைகை காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே சகலை, வீடு சொதப்பவில்லை. ஒரே ஒரு சாமானைப் பார்த்து வீடு எடுத்தேன், ஒரு கட்டடமே கையெடுத்துக் கும்பிடுகிறது. ஈஸ்டர் ஒப்பந்தப்படி இனிமேல் கோடைக்கு எங்கே போவது என்பதை நான்தான் சொல்லுவேன். ரிமினிக்கு முழுக்குப் போட்டாயிற்று. அந்தக் குடையின் நிழல்கூட இனி என் மேல் விழாது. மார்செல்லா அண்ணிக்கு என் மரியாதையையும், தங்கள் முதுகுக்கு என் அனுதாபத்தையும் சேர்ப்பிக்கவும். எல்லாம் வல்லவர் தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் சீக்கிரச் செரிமானமும் தந்து காப்பாராக.

என்றும் தங்கள் அன்புக்குரிய இளைய சகலை,
இன்ஜினியர் எர்மானோ

பின்குறிப்பு: உறையை ஒட்டத் தண்ணீர் தொடக் குளியலறைக்குப் போனேன். லொரென்சா வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் பிடேயின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி சிரிப்பு?"

"இல்லீங்க, யாருக்கு எழுதியிருக்கீங்கன்னு பார்த்தேன்."

பிறகு சொன்னாள். மார்ச் மாதம், ஈஸ்டர் விருந்துக்கு முன்னாலேயே, ஆபீஸ் வேலையாகத் தாங்கள் வியன்னாவுக்கு வந்து இதே வீட்டில் தங்கினீர்களாம். என் சகலைக்கு இது இருந்தால் போதும், வேறொன்றும் பார்க்கமாட்டார் என்று ட்ஸ்வெட்லர் அம்மாளிடம் சொல்லி, நம் ஊரிலிருந்து இந்தப் பிடேயை ரயிலில் அனுப்பி வைத்தது தாங்களாம். வேண்டுமென்றே என் கடையில் வாங்காமல் வேறு கடையில் வாங்கினீர்களாம். இந்தச் சாமானைக் கேட்டு என் கடிதம் வந்தால் 'இருக்கிறது' என்று மட்டும் எழுதச் சொன்னதும் தாங்களாம். இந்த முகவரியை ஏஜென்சிக்காரன் கட்டுக்குள் சொருகியது என் பெண்டாட்டியாம்.

"அவருக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அத்தான் அக்காகிட்ட சொன்னாராம்ங்க. 'அவன் ஒரு தடவை ஜெயிச்சுட்டா அப்புறம் ரிமினிப் பக்கமே வரமாட்டான். சாகறதுக்குள்ள ஒரு கோடையாவது அவன் தொணதொணப்பு இல்லாம நான் கடலைப் பார்க்கணும் மார்செல்லா'ன்னு."

மனசு விட்டுப்போய்விட்டது. நாலு தடவை கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன். பிறகு நிதானமாக யோசித்ததில், இதை அப்படியே தபாலில் சேர்ப்பதுதான் நியாயம் என்று படுகிறது.

வீட்டைத் தேர்ந்தெடுத்தது தாங்கள் என்றால் ஜெயித்ததும் தாங்கள்தான். ஒப்புக்கொள்கிறேன். கோடைக்கு எங்கே போவது என்பதை இனி ஆயுசுக்கும் தாங்களே சொல்லுங்கள், அதாவது ரிமினி. தங்கள் குடைக்கு இடது பக்கத்துக் குடையை எங்களுக்கும், வலது பக்கத்துக் குடையை நவ்ராட்டிலுக்கும் இப்போதே சொல்லி வைக்கவும். பாவம், மனிதர் கடலையே பார்த்ததில்லையாம். பேச ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிறுத்தமாட்டார். தங்களுக்கு ஜெர்மன் நன்றாக வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.