ஜேர்மன் பியரில் எது திறம்?

மனிதனாகப் பிறந்தவன் வாழ்நாளில் ஒரு காரியத்தையாவது முறையாகச் செய்து முடிக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்த காரியம், ஜேர்மனிக் கோதுமைப் பியர் மூன்றைக் குடித்துப் பார்த்து, எது திறம் என்று தீர்ப்புச் சொல்வது.

சிரிக்காதீர்கள். எண்பத்தோராம் ஆண்டு, உருத்திரபுரத்தில், அறுவடை முடிந்த கையோடு எடுத்த முடிவு இது. என் மனைவி ஞானேஸ்வரியின் தம்பி செல்வராசாவுக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்தவன் அக்காவுக்கு நடுவீட்டில் வைத்துச் சேலை கொடுத்தான். எனக்கு வைக்கோற்போருக்குப் பின்னால் வைத்து மூன்று போத்தல் கொடுத்தான்.

“அத்தான், இது கோதுமைப் பியர். ஒண்டு கலங்கல், ஒண்டு கறுப்பு, ஒண்டு தெளிஞ்சது. உயரமான கிளாசிலை முக்கால்வாசியை ஊத்துங்கோ. பிறகு போத்தலைச் சுழட்டி, அடிமண்டியைக் கிளப்பி மிச்சத்தை ஊத்துங்கோ. வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். வாற ஞாயிறு வருவன். எது திறமெண்டு சொன்னால் அடுத்தமுறை அதிலை ஒரு பெட்டி.”

ஒரு பெட்டி! அந்த இடத்திலேயே உறுதி பூண்டேன்.

தடை ஒன்றே ஒன்று: ஞானேஸ்வரி. “குடிச்ச வாய்க்கு என்ரை குசினியிலை சோறில்லை” என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பெரும்பான்மை இருந்தாலும் அதைத் திருத்த முடியாது.

ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தவராசாவைக் கூட்டுச் சேர்த்தேன். கிளிநொச்சியில் மீராசாகிபுவின் சர்பத் கடையில் இரண்டு உயரக் கிளாஸ் இரவல் வாங்குவது அவன் பொறுப்பு. நான் வெறும் போத்தலில் தண்ணீர் நிரப்பி, சுழற்றி ஊற்றப் பழகினேன். மணிக்கட்டு வீங்கியது. விடவில்லை. பியரைச் சாக்கில் கட்டி, குளிரட்டும் என்று கிணற்றுக்குள் இறக்கினேன். சனிக்கிழமை காலை ஞானேஸ்வரி சந்தைக்குப் போவா. அதுதான் முகூர்த்தம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ! இந்தச் சாக்குக்கை என்ன?”

ஓடினேன். மூன்று போத்தலும் கிணற்றுக்கட்டில் நனைந்துபோய் நின்றன.

“அது... அது வந்து... அப்பத்துக்கு!”

“அப்பத்துக்கோ?”

“ஓம். மா புளிக்க நாங்கள் கள்ளு விடுறமெல்லோ? ஜேர்மனியிலை இதைத்தான் விடுறவையாம். தம்பி உமக்கெண்டுதான் தந்தவன்.”

“எனக்கெண்டு தந்தது ஏன் கிணத்துக்கை கிடக்குது?”

“வெக்கைக்குப் பழுதாப் போகுமெல்லோ!”

ஞானேஸ்வரி சிரித்தா. அந்தச் சிரிப்பைக் கண்டால் நல்லபாம்பும் வழிவிடும்.

“நல்லதாப் போச்சு. அரிசி ஊறுது. இடிச்சுக் கரைச்சிட்டுக் கூப்பிடுறன். வந்து திறந்து தாங்கோ.”

“ஒரு கரண்டி காணும் ஞானேஸ்வரி...”

“தம்பி ஆசையாத் தந்ததிலை கஞ்சத்தனமோ? மூண்டு சட்டியிலை கரைச்சு மூண்டையும் விடுவம். எது திறமெண்டு தெரியவேணுமெல்லோ?”

என் கையாலேயே திறந்தேன். உஸ்ஸ் என்றது. வாழைப்பழம் மணந்தது. கராம்பு மணந்தது. மூக்குக் குடித்தது, வாய் பார்த்துக்கொண்டிருந்தது. அவா முக்கால்வாசியை ஊற்றினா. பிறகு போத்தலை ஒரு சுழற்றுச் சுழற்றி, மண்டியைக் கிளப்பி, கடைசிச் சொட்டுவரை சட்டியில் விட்டா. ஒரு கிழமை பழகியும் எனக்கு வராத லாவகம்!

கோதுமையில் என் பங்கு கோது மட்டும்தான்: மூன்று வெறும் போத்தல்.

சனிக்கிழமை அவா சந்தைக்குப் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அப்பம் சுட்டா. நடந்தது தெரியாத தவராசா, கையில் இரண்டு கிளாசும் கடலைச் சுருளுமாக வந்து நின்றான்.

“கிளாஸ் என்னத்துக்குத் தவராசா?”

“அது அக்கா... அப்பத்துக்குத் தேங்காய்ப்பால் விட.”

நல்ல புத்திசாலி. கிளாசைக் கீழே வைத்துவிட்டு எட்டு அப்பம் தின்றான், துரோகி.

நானும் தின்றேன். மனம் நொந்தாலும் நாக்குப் பொய் சொல்லாது. கலங்கல் விட்ட மா பொங்கி வழிந்திருந்தது. அந்த அப்பம் ஓரம் முறுகல், நடு பஞ்சு. கறுப்பு கொஞ்சம் இனிப்பு. மண்டியே இல்லாத தெளிந்தது மட்டும் பொங்கவே இல்லை. அந்த அப்பம் பழைய ரப்பர் செருப்பு.

ஞாயிறு செல்வராசா வந்து கண்ணைச் சிமிட்டினான்.

“அத்தான், எது திறம்?”

பக்கத்தில் ஞானேஸ்வரி.

“கலங்கல்தான்,” என்றேன். “ஓரம் நல்ல முறுகல்.”

“பியருக்கு ஏது ஓரம்?”

“தம்பி, நீ சொல்லித் தந்தமாதிரியே மண்டியைக் கிளப்பி விட்டனான்,” என்றா ஞானேஸ்வரி. “மா என்னமாப் பொங்கினது!”

நான் செல்வராசாவைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான்.

“வந்த அண்டைக்கே அக்கா என்ரை உடுப்புப் பெட்டியைத் திறந்து பாத்திட்டா, அத்தான். கேட்டவா. சொன்னனான்.”

“அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீரோ?” என்று மனைவியைக் கேட்டேன்.

“நீங்கள் என்ன கதை விடுவியளெண்டு பாத்தனான். அப்பம் எண்டது நல்ல யோசினை. எனக்குத் தோன்றேல்லை.” தம்பியின் பக்கம் திரும்பினா. “அடுத்தமுறை கலங்கலிலை ஒரு பெட்டி கொண்டு வா. சந்தியிலை அப்பக்கடை போடப்போறன்.”

ஒரு பெட்டி வரப்போகிறது! என் உறுதி மறுபடி உயிர்த்தது. ஒரு போத்தலாவது வழி தவறாதா?

“பெட்டிப் பொறுப்பை நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றேன்.

“பெட்டி அலுமாரிக்கை பூட்டிக் கிடக்கும்,” என்றவா, தேங்காயையும் அதைத் துருவுகிற திருவலையையும் என் முன்னால் தள்ளினா. “கடைக்கு உங்கடை வேலை இது. இப்பவே இருந்து பழகுங்கோ.”