தெவுவார் முசியேவைத் தினம் திட்டிய வீடு

ஒருவர் நம்மிடம் அன்பாக நடந்துகொண்டால் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும் என்ற நிலைமையை ஒரு தெருவுக்கே கொண்டுவந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தெவுவார் முசியே.

தெவுவார் என்றால் பிரெஞ்சில் கடமை, முசியே என்றால் ஐயா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் தங்கையோடு குடியிருந்தார். வெள்ளைக்காரன் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊசி போடுவார். நாம் பல்லைக் கடித்துக்கொள்வதற்குள் ஊசி முடிந்திருக்கும். அப்படி ஒரு கை.

கைதான் அப்படி. மூளை வேறு மாதிரி. "பிடிச்சவங்களுக்கு நல்லது செய்யறது லட்டு தின்ற மாதிரி. அதுல என்ன பெருமை? பிடிக்காதவனுக்குச் செய்யணும். அதான் தெவுவார்" என்பார். சைகோனில் ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தாராம். சொல்லிக்கொடுத்தவர் அங்கேயே சுகமாக இருந்துவிட்டார். அனுபவித்தது நாங்கள்.

விறகுக்கடைக்காரர் காலை உடைத்துக்கொண்டபோது முசியே அவரை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். நாலாம் நாள் விறகுக்கடைக்காரர் வாய்விட்டே அழுதுவிட்டார். "யோவ், உனக்கு நான் அப்படி என்னய்யா துரோகம் பண்ணேன்?"

"நிறைய" என்று சொல்லிவிட்டு முசியே அடுத்த கரண்டியை நீட்டினார்.

அவர் தங்கை ரோசம்மா அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் தலைகீழ். தங்கை மேல் உயிர். அதனால் உள்ளே போக மாட்டார். வாசல்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "இரு. உனக்குக் கஞ்சி வைக்கணும்னு ஆசையா இருக்கு. ஆசை அடங்கட்டும்."

உள்ளேயிருந்து அக்கா கத்துவார். "யண்ணே, அந்த மொட்டைத் தலையக் கொண்டுபோய்ச் செவுத்துல முட்டிக்க! உன்னைப் பட்டாளத்துல சேத்தானே, அவனைச் சொல்லணும்!"

முசியேவுக்குச் சுர்ரென்று கோபம் வரும். ஆசை போய்விடும். கஞ்சி வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. யார் எதைச் செய்தாலும், "இதையே ஊர்ல எல்லாரும் செஞ்சா?" என்று நிறுத்திவைத்துக் கேட்பார். அடுத்த வீட்டு மதில்மேல் தொங்கிய ஒரே ஒரு மல்லிப்பூவை நான் ஒருநாள் பறித்துவிட்டேன். புதுச்சேரி மொத்தமும் அந்தக் கொடிக்கு முன்னால் வரிசையில் நிற்பதை அவர் விவரித்து முடிப்பதற்குள் பூ என் கையிலேயே வாடிவிட்டது. நான் பதில் பேசவில்லை. யாராவது பெயர் கேட்டாலே தரையைப் பார்க்கிற பெண் நான். பதில் சொல்லாதவர்களை அவருக்குப் பிடிக்காது. வெற்றிலையைத் தெருவில் துப்பும் அப்பாவையும் பிடிக்காது.

அது எங்கள் அதிர்ஷ்டம். அந்த வருஷம் அம்மாவுக்குக் காசநோய் என்று டாக்டர் சொன்னார். தினம் ஒரு ஊசி, தொண்ணூறு நாள். நடுவில் நிறுத்தினால் ஆள் தங்காது என்று அவர் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. எங்களைப் பிடிக்காததால் முசியே ஒருநாள்கூடத் தவறாமல் காலை ஏழு மணிக்கு வந்து நின்றார்.

கெடுத்தது என் காப்பி. முப்பதாம் நாள் ஊசி போட்டுவிட்டு, டம்ளரை வாயில் வைத்தவர் லேசாகச் சிரித்தார். சிரித்ததும் தேள் கொட்டியவர் மாதிரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"காலையில எழுந்ததும் இந்தக் காப்பி ஞாபகம்தான் வந்துது. அப்ப நான் ஊசிக்கு வரேனா, காப்பிக்கு வரேனா?"

"ரெண்டுக்கும் வாங்களேன் முசியே" என்றார் அப்பா, வெள்ளையாக.

"அதான் தப்பு. நாளைலேருந்து ரெட்டியார்பாளையத்து ஆள் வருவான்."

வந்தார். அவர் பெயர் கடப்பாறை. அதுவும் எங்கள் தெரு வைத்த பெயர்தான். அன்று சாயங்காலம் அம்மாவின் கை பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. "அந்த ஆளு மறுபடி வந்தா எனக்கு ஊசியே வேணாம். விட்டுடுங்க, போறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா ரோசம்மா அக்காவிடம் ஓடினார். அக்கா மீன் ஆய்ந்துகொண்டே வைத்தியம் சொன்னார். "இதுக்குப் போயா அழுவறீங்க? திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. வந்துடும்."

அப்பா எறும்பைக்கூட வாங்க போங்க என்று சொல்கிற மனிதர். இருந்தாலும் அம்மாவுக்காக முசியே வீட்டு வாசலில் போய் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "யோவ் மொட்டை! உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குச் சோறு எறங்கல!" என்று கத்தினார். கத்திவிட்டுக் கைகூப்பப் போனவரை நான்தான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு முசியே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இந்த வீட்டுக்கு வர எனக்குத் துளிகூட இஷ்டமில்ல. ரொம்ப நல்லது."

அன்றிலிருந்து தினம் திட்டு. நான் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டேன். அவர் உட்காரும் நாற்காலியின் காலை அப்பா ஆட்டம் காண வைத்தார். முசியே உப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, ஆடுகிற நாற்காலியில் ஆடிக்கொண்டே, சந்தோஷமாகக் கடமையைச் செய்தார். திட்டுத்தான் தட்டுப்பாடு. அப்பாவுக்குத் தெரிந்தது ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. மில்லில் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு வருவார். அதில் பாதியை அம்மா காதுபட வீட்டில் சொல்ல முடியாது.

அறுபதாம் நாள் மாட்டிக்கொண்டோம். பின்கட்டில் அப்பா அன்றைய திட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான், "கழுதை வேணாம்பா, நேத்துதான் சொன்னோம். எருமைன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஊசிப் பெட்டியோடு முசியே. சீக்கிரமே வந்துவிட்டார்.

"நாடகமா?" என்றார். சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எல்லாரும் இப்படிப் பொய்யாத் திட்டினா, நாளைக்கு உண்மையாத் திட்டறவனை யாரு நம்புவா?"

முசியே வாசலுக்குப் போய்ச் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். உள்ளே அம்மா இருமுவது கேட்டது. அன்றையதையும் சேர்த்து இன்னும் முப்பத்தொரு ஊசி பாக்கி.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஓடிப்போய் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"முசியே, எங்க அம்மா கைக்கு நீங்க இஷ்டமா வந்தீங்களா இஷ்டமில்லாம வந்தீங்களான்னு தெரியுமா? மருந்து ஒண்ணுதானே? நீங்க பிடிக்காம வந்தா எங்க அம்மா பொழைப்பாங்க, பிடிச்சு வந்தா சாவணுமா? நீங்க நல்லவரா இருக்கணும்னா, அதுக்கு எங்க அம்மா ஒரு சாமானா? கரண்டி மாதிரி? தட்டு மாதிரி? எல்லாரும் உங்கள மாதிரி பிடிச்சவங்களை விட்டுட்டுப் போனா, பிடிச்சவங்களை யாரு பாத்துப்பா? கடப்பாறையா?"

முசியே என்னையே பார்த்தார். உள்ளே வந்தார். யோசனையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் காலை அப்பா அன்று காலையில்தான் இன்னும் கொஞ்சம் தளர்த்தியிருந்தார். தடால். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தார். கொதிக்க வைத்த ஊசி ஆறிப்போய், நான் இரண்டாம் தரம் கொதிக்க வைத்தேன். அதுவும் ஆறப் போகிற நேரத்தில் வாயைத் திறந்தார்.

"இந்தப் பொண்ணு சொல்றது நியாயம். ஒரு இடத்துலகூட ஓட்டை இல்ல." பெருமூச்சு விட்டார். "அப்ப, பிடிச்சாலும் வந்துதான் ஆவணும். தாங்கிக்கணும். வேற வழியில்ல."

அடுத்த முப்பது நாளும் வந்தார். நல்ல காப்பியாகவே கொடுத்தேன். விளக்கெண்ணெய் குடிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொட்டு விடாமல் குடித்தார். தொண்ணூறாம் ஊசி போட்டுப் பெட்டியை மூடினார். அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி. வாசலில் சைக்கிள் சத்தம். முசியே நின்றுகொண்டிருந்தார். கையில் பெட்டி இல்லை.

"ஊசிதான் முடிஞ்சிடுச்சே முசியே? என்ன விஷயம்?" என்றார் அப்பா.

முசியே வாயைத் திறந்தார். மூடினார். தெருக்கோடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எறும்பு ஊர்வதற்குக்கூடக் காரணம் சொல்கிற மனிதர். "தெரியல" என்றார்.

"யாருடி அது காலங்காத்தால?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"யாரோ இல்லம்மா" என்றேன். "நம்ம ஆளுதான்."