யோசித்த தேவாங்கும் எண்ணிய குள்ளநரியும்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். நாட்டில் இருப்பவற்றுக்கு மட்டும் யாரிடம் காரணம் இருக்கிறது? அங்கே குளிரூட்டிய ஓர் அறையில் நாற்பது கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, கிளஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆராய்ச்சி செய்யும் விலங்குகள் எத்தனை மணி நேரம் வேண்டும், எவ்வளவு மெமரி வேண்டும் என்று படிவம் நிரப்பி வரிசையில் காத்திருக்கும். முறை வந்ததும் ஒரு கணினி கிடைக்கும். அதில் நோட்புக் என்ற நிரல் எழுதும் பக்கத்தைத் திறந்து, ஒரு வரி எழுதி ஓட்டி, விடையைப் பார்த்து, அடுத்த வரியை எழுத வேண்டும். நிர்வாகியான காட்டெருமை ஒரு விதி போட்டிருந்தது. அரை மணி நேரம் எதுவும் ஓடாவிட்டால் கணினி பறிக்கப்படும்.

இதில் மாட்டிக்கொண்டது தேவாங்கு. குட்டை எப்போது வற்றும் என்று கணிப்பது அதன் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பும் அம்பேல். ஆனால் பாவம், அது எதையும் நிதானமாகச் செய்யும் பிராணி. ஒரு வரியை ஓட்டும். விடையைப் பார்த்து நாற்பது நிமிடம் யோசிக்கும். யோசித்து முடித்துத் தலை நிமிர்ந்தால் கணினி போயிருக்கும். அதுவரை போட்ட கணக்கெல்லாம் அழிந்து, மறுபடி வரிசையில் அறுபத்து மூன்றாவது இடம்.

திங்களும் செவ்வாயும் இப்படியே போயின. புதன்கிழமை தேவாங்கு அழுதேவிட்டது. பக்கத்து இருக்கையில் குள்ளநரி மூன்று கணினிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு நண்டு தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுது மட்டும் எப்படிப் போகவே மாட்டேங்குது?" என்று கேட்டது தேவாங்கு.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணச் சொல்லி விட்டிருக்கேன். முடிவே கிடையாது. இப்ப தொண்ணூறு கோடி தாண்டிடுச்சு."

"எதுக்குண்ணே எண்ணுறீங்க?"

"என்னைக்காவது எனக்குக் கணினி தேவைப்பட்டா, வரிசையில யாரு நிக்கிறது?"

தேவாங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே காட்டெருமையிடம் ஓடி முறையிட்டது. (தேவாங்கு ஓடினால் ஒரு மணி நேரம் ஆகும்.)

காட்டெருமை தன் திரையைத் திருப்பிக் காட்டியது. யாருடைய கணினி எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு அதில் ஆளுக்கொரு கோடு இருந்தது. "நரியோட கோட்டைப் பாரு. நூறு சதவீதம்! என்னமா உழைக்குது! உன் கோடு தரையில கிடக்கு. என்ன பண்ணிட்டிருந்தே?"

"யோசிச்சிட்டு இருந்தேங்கய்யா."

"யோசனையெல்லாம் வீட்ல வச்சுக்க. இங்க வந்தா வேலை பாரு."

அடுத்த முறை கணினி கிடைத்ததும், தேவாங்கு முதல் காரியமாக இன்னொரு நோட்புக்கைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண விட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு ஆற அமர யோசித்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. வியாழன் மாலை ஆய்வேடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு கூடியது. ஆய்வேட்டை யாரும் பிரிக்கவில்லை. காட்டெருமை அனுப்பிய தேவாங்கின் கோட்டுப் படத்தைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"அய்யா, குட்டை வர்ற ஞாயித்துக்கிழமையே வத்திடுங்க. நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு," என்றது தேவாங்கு.

"அதெல்லாம் அப்புறம் சாவகாசமாப் பார்த்துக்கலாம்," என்றார் குழுத் தலைவர் மயில். "எத்தனை வரைக்கும் ஓட்டினே?"

"நூத்தி நாப்பது கோடிங்கய்யா," என்றது தேவாங்கு.

குழு எழுந்து நின்று கைதட்டி, அதை முனைவர் ஆக்கியது.

நீதி: யோசிப்பது குற்றமல்ல, ஆனால் யோசிக்கும்போது பக்கத்தில் ஏதாவது ஒன்று சூடாகிக்கொண்டிருக்க வேண்டும்.